பஞ்சு பெடல்

— மிதிங்க மாப்பிள்ளை.

— மிதிச்சுட்டேன் அத்தை.

— அப்படியே பிடிங்க... ம், விடுங்க. இப்ப பெடல் எப்படி இருக்கு?

— அது வந்து... பஞ்சு மெத்தை மாதிரி இருக்கு. படுத்துத் தூங்கலாம்.

— லாரிக்கு அடியில படுத்துக் கிடக்கிறது நானு, தூக்கம் வர்றது உங்களுக்கா?

— நாப்பது தடவை மிதிச்சாச்சு அத்தை. கால் மரத்துப்போச்சு.

— ரெண்டு பாட்டில் பிரேக் ஆயிலும் காலி. எங்கேயும் ஒழுகல, ஹோஸ் உப்பல. பிரேக் குழாய்க்குள்ள புகுந்த காத்து இன்னும் வெளியேறலைன்னா என்ன அர்த்தம்?

— அது வந்து, மாஸ்டர் சிலிண்டர் போயிருக்குமோ?

— போயிருந்தா, மிதிச்சுப் பிடிக்கிறப்போ பெடல் மெல்ல மெல்ல இறங்கும். இறங்குதா?

— இல்ல.

— அப்புறம் ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிறீங்க?

— பன்னெண்டு மணிக்கு லோடு ஏத்தணும் அத்தை. என் முதல் லோடு. இன்னையிலிருந்து லாரி என் பொறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?

— நிக்காத வண்டியில உங்களை அனுப்பிட்டு என் பொண்ணு முகத்துல எப்படி முழிக்கிறது? அந்த டார்ச்சை நீட்டுங்க... அடக் கடவுளே!

— என்ன அத்தை?

— நிப்பிள் கீழ்ப்பக்கம் இருக்கு!

— இருந்தா?

— காத்து மேலதானே போய் நிக்கும்? அதை வெளியேத்துற நிப்பிள் மேல இருக்க வேணாமா? பிரேக் போட்டா சக்கரத்தட்டைக் கவ்வுற கேலிப்பர் இருக்கே, இடதுபக்கத்ததை வலதுலயும், வலதை இடதுலயும் மாட்டியிருக்கு. அடுத்த வருஷம் வரைக்கும் மிதிச்சாலும் ஆயில்தான் வரும்.

— செருப்பை மாத்திப் போட்ட மாதிரி...

— செருப்பு காலைத்தான் கடிக்கும். இது ஆளையே தின்னுடும்! வியாழக்கிழமை மாட்டினது. இந்த ஷெட்டுல ஸ்பானர் பிடிக்கிறது நாம மூணே பேரு. யாரு?

— அது வந்து...

— மாட்டின கை எதுவா இருந்தாலும் லாரி அந்தக் கைக்குப் போகாது. சொந்தமாவது பந்தமாவது! இருங்க, உங்க பொண்டாட்டிக்குப் போன் போடறேன்... ஏண்டி, முன்சக்கரத்துக் கேலிப்பரை மாட்டினது யாரு?... இடம் மாறிக் கிடக்குடி!... என்னது, நீயா?... சரி சரி, அழாதே. வை போனை.

— அவ பொய் சொல்றா அத்தை! மாட்டினது நான்தான்.

— ஓஹோ. கேலிப்பரைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு எத்தனை?

— அது வந்து... நாலு?

— ரெண்டு.

— ரெண்டுதான் போட்டேன். மிச்சத்தைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்.

— கீழ இறங்குங்க மாப்பிள்ளை. வியாழக்கிழமை பூரா நீங்க லைசென்ஸ் புதுப்பிக்க வரிசையில நின்னீங்க.

— அப்போ அவதானா?

— அவ பல்லைப் பிடுங்கிட்டு, வீங்கின கன்னத்தோட வீட்டுல சுருண்டு கிடந்தா.

— அப்போ யாருதான் அத்தை மாட்டினது?

— அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். அன்னைக்கு ஷெட்டுல இருந்தது நான் ஒருத்திதான்.