கோட்டின் அகலம்

காவல் ஆய்வாளர் அம்மா, உங்கள் காபி நன்றாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் காபி இயந்திரம் வைக்க நான் விட்டதே இல்லை. அது அதிரும்.

லேசர் ஒளி ஒரே நிறம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். கிட்டத்தட்ட சரிதான். ஆனால் அந்த நிறம் திரையில் ஒரு கோடாகத் தெரியும்; அந்தக் கோட்டுக்கும் ஓர் அகலம் உண்டு, மெல்லியதாக இருந்தால்தான் நல்ல லேசர். ஒளிக்கே உரிய நடுக்கம் கொஞ்சம்; அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வருகிற தொல்லை. லேசரின் நிறத்தைப் பிடித்து நிறுத்தும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரம் இம்மியளவு மாறினாலும் கோடு பருத்துவிடும். ரயில்கூட வராத இந்த ஹார்ஸ் மலையடிவாரத்தில், அந்தக் கண்ணாடிகளைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து அசையாமல் காப்பதுதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை பாரிஸ்காரர்கள் தங்கள் லேசரோடு எங்களுடையதை ஒப்பிட்டுப் பார்க்க வருவதாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம்வரை கோடு பருமனாகவே இருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறிதான் காரணம் என்று கண்டுபிடித்து நிறுத்தினேன். விசிறி நின்றால், ஆவியாகும் நைட்ரஜன் கண்ணாடிகள் இருக்கும் அறையிலேயே தங்கி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும். அப்போது அலறுகிற எச்சரிக்கை மணியையும் கழற்றினேன். சத்தமும் அதிர்வுதானே.

என்கூட வேலை பார்க்கும் வீப்கே நைட்ரஜன் நிரப்ப வந்தாள். வெறும் காலுறையோடுதான் நடப்பாள், பாவம். அப்படியும் ஒவ்வோர் அடியும் என் திரையில் தெரியும்.

“மெதுவா நட வீப்கே. கோடு ஆடுது.”

“ஏன் டெட்லெஃப், மூச்சு விடுறதையும் நிறுத்திடட்டுமா? உன்கூட ஒரு கல்லுதான்யா குடித்தனம் பண்ண முடியும்” என்று சிரித்துக்கொண்டே அந்த அறைக்குள் போனாள்.

விசிறி கூரைமேல் இருக்கிறது. நின்றால் உள்ளே தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் போடச் சொல்லுவாள்.

கொஞ்ச நேரத்தில் கோடு ஒரே ஒருமுறை பெரிதாக விரிந்தது. விழுந்துவிட்டாள் என்று உடனே புரிந்தது. பிறகு கோடு ஒடுங்கியது. அவ்வளவு மெல்லிய கோட்டை நான் பார்த்ததே இல்லை. அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திறந்தால் கோடு கெட்டுவிடும். அதை ஒழுங்காக அளக்க அரை மணியாவது வேண்டும். நடுவில் ஒருமுறை லேசாகச் சிலிர்த்தது. அவள் கை அசைந்திருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

அளந்து முடித்ததும் நானேதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவளைச் சாக விட்டது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அளவை ஆய்விதழில் வெளியிடும்போது அவள் பெயரைத்தான் முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் அவளுக்கு இவ்வளவு செய்திருக்க மாட்டார்கள்.