குடங்களுக்குக் காவலிருந்த நாற்காலி

வாசலுக்குக் காவலராய் வந்து வண்ணங்களுக்குக் காவலராய் வளர்ந்து, ராஜகீழ்ப்பாக்கம் வண்ணச்சாலை ஓவியக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் எங்களோடு இருந்து, இன்று பணி நிறைவு பெறும் பண்பாளர் முனிரத்தினம் அண்ணனுக்கு, உடன் உழைத்தோர் உவந்து படிக்கும் மடல்.

அண்ணே, நீங்கள் கடமை தவறாதவர் என்றுதான் முதலில் எழுதினோம். ஆனால் நீங்கள் கடமை தவறிய கதைதான் எங்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறது. நேராகச் சொன்னால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் யாரோ ஒருவர் கதைபோலச் சொல்கிறோம்.

கூடத்தில் நுழைந்ததும் ஆளுயரக் குதிரை ஓவியம். அடுத்த அறையில் கல்லுடைக்கும் பெண்களின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், நடுவே ஒரு பித்தளை ஆடு. வருகிறவர்கள் குதிரையோடு செல்பி எடுத்து, ஆட்டைத் தடவப் போய் முனிரத்தினத்திடம் திட்டு வாங்கி, அப்படியே கிளம்பிவிடுவார்கள். கடைசி அறை மூலையில் இருந்த சின்னப் படத்தை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அதில் ஆளே கிடையாது. தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த குடங்கள், அவ்வளவுதான். முனிரத்தினத்துக்கோ அதன்மேல் கொள்ளை ஆசை. மேடவாக்கத்தில் காலையில் வரிசையில் வைத்துவிட்டு வந்த தன் குடமும் அதில் நிற்பதாகவே அவருக்குத் தோன்றும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் பொறுப்பாளர் மெட்டில்டா மேடம் ஒரு பட்டியல் ஒட்டினார். யாரும் நின்று பார்க்காத படங்கள் மாதக் கடைசியில் கிடங்குக்குப் போகும். பட்டியலில் முதலில் இருந்தது குடங்கள். முனிரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை, எதிர்த்துப் பேச வாயும் வரவில்லை. மறுநாள் வாசலில் இருந்த தன் நாற்காலியைத் தூக்கிப் போய் அந்தப் படத்தின் பக்கத்தில் போட்டு விறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

பெரும்பாக்கத்திலிருந்து கூடத்தைப் பார்க்க வந்த பேபி அக்காதான் முதலில் கேட்டார்.

"இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் தனியா காவல்? அவ்ளோ வெலையா?"

"வெலையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கிட்டப் போய்ப் பாருங்க."

பார்த்தார். நகரவே இல்லை. "அந்த ஒடுங்குன கொடம் நம்ம வூட்டுது மாதிரியே கீது" என்றார். அடுத்த ஞாயிறு தன் குடியிருப்பு பிளாக் பெண்கள் ஒன்பது பேரைக் கூட்டிவந்தார்.

மாதக் கடைசியில் படத்தை இறக்க வந்த மேடம், அதன் முன்னால் கூட்டத்தைப் பார்த்தார். முனிரத்தினம் பதறி எழுந்தார். வேலையே போய்விடும் என்று நினைத்தார்.

"தப்புதான் மேடம். வாசல்ல யாரும் இல்ல. ஆனா இத மட்டும் உள்ள வெச்சிடாதீங்க."

மேடம் கூட்டத்தோடு நின்று படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அடுத்த மாசம் எந்தப் படத்துகிட்ட உட்காரப் போறீங்க?" என்று கேட்டார்.

அன்று தொடங்கிய வழக்கம் இது. ஒவ்வொரு முதல் தேதியும் நாற்காலி ஒரு படத்திடம் போகும். கூட்டமும் பின்னாலேயே போகும். இதுவரை ஒரு படமும் கிடங்குக்குப் போகவில்லை.

இனி உங்களிடமே பேசுகிறோம், அண்ணே. நோயற்ற உடலும் நிறைந்த மனமுமாய், அண்ணியோடும் பேரப்பிள்ளைகளோடும் நீங்கள் நெடுங்காலம் வாழவேண்டும். இத்தனை ஆண்டுகளும் காவலுக்காக எங்களையும் வந்தவர்களையும் பார்த்தே உட்கார்ந்திருந்தீர்கள். படங்கள் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம்தான் இருந்தன. நாளை டிக்கெட் இல்லாமல் வாருங்கள். உங்கள் நாற்காலியைக் குடங்களுக்கு எதிரே, படத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறோம்.

அன்பில் நெகிழும்,
வண்ணச்சாலைப் பணியாளர்கள்