வெறுங்கிண்ணத்தில் நீல நூல்

ஹலோ... இருசம்மாக்காவா? நான் பிரேமலதா பேசறேன்... ஆமா, மூணாவது தெரு, காலேஜ் டீச்சர்... ஆமாக்கா, அவளேதான். வச்சிடாதீங்க. ஒரு நிமிஷம்.

...கடையில கூட்டமா? இல்ல, கிரைண்டர் சத்தம் கேக்கல, அதான் இப்ப பேசலாமோன்னு... சரி, சரி. சொல்லிடறேன்.

போன மாசம் தெரு வாட்ஸ்அப் குரூப்புல, உங்க இட்லி மாவுல பிளாஸ்டிக் நூல் இருக்குன்னு போட்டேன் இல்ல... ஆமா... பேர் போடலதான். 'புதூர் முக்குக் கடை'ன்னு போட்டேன்... ஆமாங்க, முக்குல இருக்கறது ஒரே கடைதான். எனக்கும் தெரியும்... அதுலேருந்து அந்தப் பக்கமே வரல, பின்தெரு வழியா சுத்திக்கிட்டுத்தான் போறேன்.

அது தப்புக்கா.

...இல்ல, போட்டதும் தப்புதான். ஆனா உங்க மாவ காலேஜ் லேப்புல மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்தேனே, அந்தச் சோதனையே தப்பு. அந்த நூல் உங்க மாவுலேருந்து வரல.

...சொல்றேன். இந்தச் சோதனை பண்ணும்போது பக்கத்துல வெறுங்கிண்ணத்துல சுத்தத் தண்ணி வச்சு அதையும் பாக்கணும். அதுலயும் நூல் விழுந்தா, காத்துல வந்தது, நம்ம துணியிலேருந்து வந்ததுன்னு அர்த்தம். முன்னெல்லாம் நிறைய பேர் அத வைக்காமலே எண்ணிட்டுப் போனாங்க. இப்ப வர்ற ஆராய்ச்சியில எல்லாம், கிண்ணம் வச்சியா, காட்டன் கோட் போட்டியான்னுதான் முதல்ல கேக்கறாங்க... ஆமா, தெரியும். பிள்ளைங்களுக்குப் பாடமே நான்தான் நடத்தறேன்... வைக்கல. கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பணும்னு அவசரம்... வைக்கலக்கா.

என் ஸ்டூடண்ட் கனிஷ்கா நேத்து வச்சுப் பாத்தா. நான் அன்னைக்கு மாதிரியே அதே இடத்துல, அதே புடவையோட உக்காந்திருக்கேன். கிண்ணத்துல மாவே இல்ல. நீல நூல் அஞ்சாறு கிடக்குது. அந்தப் பொண்ணு அத எண்ணி எழுதிக்கிட்டா. என் முந்தானையப் பாத்தா, அவ்வளவுதான்.

...எந்தப் புடவையா? அது எதுக்குக்கா இப்ப... நீலம்... ஆமா, சிந்தெடிக்... ஆமா. நாங்க புது வீடு குடிபோனப்ப நீங்க வச்சுக் குடுத்தது.

...அக்கா? இருக்கீங்களா?

...ம்... சிரிங்க. பரவாயில்ல.

திருத்தம் எழுதி வச்சிருக்கேன், படிக்கிறேன் கேளுங்க. "முன்னர் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு முடிவுகள், புறச்சூழல் மாசு காரணமாக மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகின்றன"... புரியலையா... ஆமா. அன்னைக்குப் போட்டது மட்டும் எல்லாருக்கும் புரிஞ்சுது... ஆமாக்கா, இதுல உங்க பேர் இல்ல. என் பேரும் இல்ல.

நீங்களே சொல்லுங்க, எழுதறேன்... "மாவு சுத்தம்"னா... அக்கா, அத மட்டும் எழுத முடியாது. கோவிச்சுக்காதீங்க. உப்புல, தண்ணியில எல்லாம் பிளாஸ்டிக் இருக்கறத கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க மாவுல ஒண்ணுமே இல்லன்னும் நான் பாக்கல... இருக்குன்னும் பாக்கல. நான் பாத்த லட்சணத்துக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது.

...அதையே எழுதவா?

சரி... சரி... "இருசம்மாக்கா மாவுல இருக்குன்னு நான் சொன்னது என் புடவை நூல். தப்பு என்னுது. அவங்க மாவப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பிரேமலதா."... போதுமா?

...போட்டுட்டேன்.

...பாத்துட்டாங்க. எதிர்வீட்டுக் கமலினி பாத்துட்டாங்க. உங்ககிட்ட மாவு வாங்கிட்டிருந்த ஹாஸ்டல் ஸ்டீபன்ராஜும் பாத்துட்டாரு... இல்ல, யாரும் ஒண்ணும் எழுதல. பாத்துக்கிட்டே இருக்காங்க.

சாயந்திரம் தூக்குவாளி எடுத்துக்கிட்டு நானே வரேன்க்கா. நாலு பேர் நிக்கிற நேரத்துக்கே வரேன்... என்ன?... இன்னைக்கு அரைக்கலையா?

...எத்தனை நாளாக்கா?... நான் குரூப்புல போட்டதுலேருந்தா?

...ஹலோ?... அக்கா?...