நடுப்பக்கத்தில் இரண்டு பேர்

— திருப்பு தேனுகா தங்கச்சி. படத்தில என்ர முகத்தை வெளியால திருப்பு.

— பிரதாபன் அண்ணை, அச்சடிக்கிற எங்களுக்கு ஒரு முறை இருக்கு. வலப்பக்கத்தில இருக்கிற ஆள் இடப்பக்கத்தைப் பார்க்கவேணும். இடப்பக்கத்து ஆள் வலப்பக்கத்தை. அப்பதான் விரிச்சுப் பிடிக்கிறவையின்ர கண் புத்தகத்துக்குள்ள நிக்கும். நீங்கள் வெளியால பார்த்தா அவையும் உங்களோட வெளியால போயிடுவினம்.

— போகட்டும், நானும் போறன். இடப்பக்கத்தில ஆர் இருக்கிறது? விஜிதரன். வாய்க்காலை மறிச்சு என்ர வயலைக் காயவிட்டவன். வருசக் கணக்கா ரோட்டில பார்க்காத மூஞ்சியை, அம்மாவின்ர நினைவுமலருக்குள்ள பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ?

— அவர் உங்கட கூடப்பிறந்த அண்ணன்.

— அது அம்மா செய்த வேலை. நான் கேட்டு வாங்கேல்லை.

— படத்தைப் பிரட்டினா கன்னத்து மச்சம் மற்றப் பக்கம் போயிடும். சட்டைப் பொக்கற்றும் வலப்பக்கம் வந்திடும். வட்டக்கச்சிச் சனம் முழுக்க ‘இது ஆர்’ எண்டு கேக்கும்.

— சரி, முழுசா வேண்டாம். அரைவாசி திருப்பு.

— இது என்ன, சந்தையில கத்தரிக்காயே? அரைவாசி எண்டு ஒண்டு இல்லை அண்ணை. நேராப் பார்க்கிற படம் இருந்தாத் தாங்கோ.

— அடையாள அட்டைப் படம்தான் இருக்கு. அதில கோழி களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி நிக்கிறன். அதுசரி, இந்தப் படம் உனக்கு எங்கால? நான் தரேல்லையே.

— வந்தது. பொறுங்கோ, பிறகு சொல்லுறன்.

— அப்ப ஒண்டு செய். ரெண்டு பேருக்கும் நடுவில அம்மாவைப் போடு. இவ்வளவு காலமும் அவாதானே நடுவில நிண்டவா.

— நடுவில மடிப்பு விழும். முகம் அதுக்குள்ள போயிடும். புத்தகம் கட்டுற கம்பிப் பின்னும் அதிலதான் குத்தும். உயிரோட இருக்கேக்க நீங்கள் ரெண்டு பேரும் குத்தினது காணாதே?

— வாயைப் பார் வாயை.

— கோவமோ அண்ணை?

— கோவப்படவும் தெம்பில்லை. நாளையிண்டைக்கு அம்மாவின்ர முப்பத்தோராம் நாள் காரியம். ஐயருக்குப் பின்னால ஓடு, சமையல்காரனுக்குப் பின்னால ஓடு, இப்ப உன்னோட மல்லுக்கட்டு. களைச்சுப் போனன் பிள்ளை.

— காலமை விஜிதரன் அண்ணையும் இதே கதிரையிலதான் இருந்தவர். தன்ர முகத்தையும் வெளியால திருப்பட்டாம்.

— அவனும் கேட்டவனோ!

— ஓம். ஏலாது எண்டன். அப்ப அரைவாசி திருப்பு எண்டவர்.

— சிரியாதை.

— அம்மாவை நடுவில போடச் சொல்லியும் கேட்டவர். கடைசியில அவரும் களைச்சுப் போனன் எண்டுதான் எழும்பிப் போனவர்.

— ம்… அவனுக்கும் வயசு போகுதுதானே. சரி, இருக்கிறமாதிரியே அச்சுக்குக் குடு. ஆனா இது தேனுகா செய்த வேலை எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுவன், கேட்டியோ.

— என்ர வேலை இல்லை அண்ணை. போன தையில அம்மா தனிய பஸ் ஏறி இந்தக் கடைக்கு வந்தவா. தன்ர நினைவுமலருக்கெண்டு ரெண்டு படத்தையும் அவாதான் தந்தவா. நடுப்பக்கத்தில எதிரெதிரா வை, புத்தகத்தை மூடேக்க ரெண்டு முகமும் முட்டவேணும் எண்டவா. முதலே சொல்லிப்போடாதை, ரெண்டு பேரும் சண்டை பிடிச்சுக் களைக்கட்டும், அதுக்குப் பிறகு சொல்லு எண்டவா.