ஒரு வேட்டு கம்மி

பத்துக்கு ஏழு போடுவதுதான் சார் இருப்பதிலேயே சுலபம். எடுத்தவனுக்கும் மனசு நோகாது, போட்டவனுக்கும் வேலை இல்லை. படத்தைச் சரியாகப் பார்க்காமலே ஏழு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். எங்கள் குரூப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நான் ஏழு போட்டது ரொம்பக் கம்மி.

குரூப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. போனில் நடப்பது. திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டத்திலும் கேமரா வைத்துக்கொண்டு, ஆனால் அதை வைத்துப் பிழைக்காத ஆட்கள். பள்ளிக்கூட டீச்சர் ராஜராஜேஸ்வரி நடத்துகிறார். வாராவாரம் படங்கள் வரும், எடுத்தவர் பெயர் இருக்காது. பார்க்கிறவர்கள் பத்துக்கு மார்க் போட வேண்டும், கூடவே ஒரு குறை எழுத வேண்டும். குறை எழுதாத மார்க் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை பெயர் வெளியாகும். அதுவரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அந்தக் குரூப்பில் பிடித்ததே அந்த விதிதான்.

நான் செங்கம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிறவன். சுற்று ஒன்று தப்பினால் மோட்டார் எரியும். அந்த வேலையில் ஏழு மார்க் கிடையாது. கேமரா, ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. நான் பிறந்து வளர்ந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம் அந்தக் கல்குவாரியில். அப்பாவும் அம்மாவும் ஜல்லி உடைத்தார்கள். அக்கா தனம் இன்னமும் அங்கேதான் உடைக்கிறாள். குரூப்பில் இது யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒருத்தர் கோபுரத்தை எடுத்துப் போட்டார். பின்னால் மலை, மேலே மேகம். எல்லாரும் ஒன்பது. நான் நாலு போட்டு எழுதினேன்: "கரண்ட் ஒயர் குறுக்க போவுது. கோபுரத்தை அதுலதான் கட்டித் தொங்கவிட்டிருக்கா?" இன்னொருத்தர் கிரிவலப் பாதைச் சாமியார். "இவரு நம்ம எல்லார் படத்துலயும் வந்துட்டாரு. அவருக்கே சலிச்சிருக்கும்." மூன்று. ராஜராஜேஸ்வரி மேடம் கிண்டல் பண்ணுவார், "வேடியப்பன் சார் அஞ்சு போட்டா அன்னிக்கி அந்த வீட்ல பாயசம்" என்று. ஆனால் எல்லாரும் என் மார்க்குக்காகத்தான் காத்திருந்தார்கள். ஒருத்தராவது உண்மை சொல்ல வேண்டும் இல்லையா.

சுந்தரேஷ் அப்புறம் வந்தவன். அவன் அப்பா கோயிலில் குருக்கள். இவன் பேங்க்கில் வேலை. முதல் படத்துக்கு நான் இரண்டு போட்டேன். மற்றவர்களாக இருந்தால் குரூப்பை விட்டே போயிருப்பார்கள். இவன் ஞாயிற்றுக்கிழமை பெயர் வெளியானதும் கடை வாசலில் வந்து நிற்கிறான்.

"அண்ணா, வெளிச்சம் தப்புன்னு எழுதியிருந்தீங்க. எந்தப் பக்கம் நின்னிருக்கணும்?"

சொன்னேன். அடுத்த வாரம் அந்தத் தப்பு இல்லை. வேறு தப்பு இருந்தது. அதையும் சொன்னேன், அதுவும் போனது. சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்கிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. மூன்று போட்டேன், நாலு போட்டேன், ஆறு வரைக்கும் வந்தான். "உங்ககிட்ட ஒரு எட்டு வாங்கிட்டா போதும்ண்ணா, அப்புறம் கேமராவை மூட்ட கட்டி வச்சிடுவேன்" என்று சிரிப்பான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே அது வேண்டியிருந்தது.

போன மாசம் ஒரு படம் வந்தது. பெயர் இல்லாமல்தான். ஆனால் யார் எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னிடம் கேட்டுக்கேட்டுத் திருத்திய கை. குவாரியில் ஒரு பொம்பளை ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறாள். சுத்தியல் மடியில் கிடக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். முன்பல் ஒன்று இல்லாதது தெரிகிறது.

அது என் அக்கா.

நானும் அவளை எடுத்திருக்கிறேன், கேமரா வாங்கிய நாளிலிருந்து. ஒரு படத்தில்கூட அவள் சிரித்ததில்லை.

ஒன்பது, ஒன்பது, பத்து என்று வந்துகொண்டே இருந்தது. குறை என்ற இடத்தில் "குறையே இல்லாததுதான் குறை" என்று ஒருத்தர் எழுதினார். நான் இரண்டு போட்டேன். "தூசியே இல்ல. குவாரின்னா தூசி. இது ஸ்டூடியோ" என்று எழுதினேன். அது உண்மையான குறை சார். படத்தில் தூசி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெயர் வெளியானதும் ராஜராஜேஸ்வரி மேடம் எல்லார் முன்னாலும் கேட்டார்: "வேடியப்பன் சார், தப்பா நினைக்காதீங்க. இது நேர்மையான மார்க்கா, வயித்தெரிச்சல் மார்க்கா?" நான் பதில் எழுதுவதற்குள் சுந்தரேஷ் எழுதிவிட்டான். "அண்ணன் போட்டா காரணம் இருக்கும் மேடம். எனக்குத் தூசி தெரியல, அதான் நிஜம்." எனக்காக அவன் வாதாடினான்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். "அவனுக்கு மட்டும் எதுக்குச் சிரிச்ச?"

"இன்னாடா கேள்வி இது? அந்தச் சாமி வந்து பக்கத்துல உக்காந்துச்சி. 'ஒரு கல்லு நான் ஒடைக்கிறேன் அக்கா'ன்னு சுத்தியலை வாங்கி வெரல்லயே போட்டுக்கிச்சி. சிரிப்பு வராம அழுகையா வரும்? நீ வந்தா 'ஆடாம நில்லு, ஆடாம நில்லு'ன்றதைத் தவிர வேற இன்னா சொல்லுவ?"

குருக்கள் வீட்டுப் பிள்ளையை அவள் சாமி என்று சொன்னாள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். அதில் எனக்குக் கோபம் என்று சொல்ல மாட்டேன். அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு சுந்தரேஷ் கடைக்கு வந்தான். "தூசியோட எடுக்கணும்ண்ணா. எப்ப போனா கிடைக்கும்?" வேட்டு வைத்த கையோடு போனால்தான் கிடைக்கும் என்றேன். புகையும் தூசியும் கலந்து, சாயங்கால வெயில் அதற்குள் இறங்கும்போது ஒரு நிறம் வரும். கொஞ்ச நேரம்தான் நிற்கும். இதுவும் உண்மை. கூட்டிப் போகிறேன் என்று நான்தான் சொன்னேன்.

குவாரி ஆட்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பின்பக்கமாகப் போனோம். வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய பாறை உண்டு. சின்ன வயதில் வேட்டு வைக்கும்போது எங்களை அதன் பின்னால்தான் உட்கார வைப்பார்கள். காதைப் பொத்து, வாயைத் திற என்பார்கள். நான் எண்ணக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை சார், அங்கே. எத்தனை குழிக்கு மருந்து வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று கம்மியானால் அன்றைக்கு யாரும் உள்ளே இறங்கக் கூடாது. திரி ஈரமாக இருந்தால் உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்காமலும் போகலாம். என் சித்தப்பா ஒருத்தர் எண்ணாமல் இறங்கினார். அவரைச் சாக்கில்தான் கொண்டுவந்தார்கள்.

கீழே ராமதாஸ் திரி வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குவாரியில் வேட்டு வைப்பவர் அவர்தான். கவனமான ஆள். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து குழிகளை எண்ணினேன். பழக்கம்.

அப்போது சுந்தரேஷ் மெதுவாகச் சொன்னான். "அண்ணா, கோச்சிக்காதீங்க. தனம் அக்கா சொன்னாங்க, நீங்க அவங்க தம்பின்னு. படம் போட்டப்ப எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். குரூப்ல யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

வைத்துக்கொள் என்று நான் கொடுக்காத ஒன்றை அவன் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தான். சுமையே தூக்காதவர்களுக்கு அடுத்தவன் சுமை ரொம்ப லேசாகத் தெரியும் சார்.

வேட்டு வெடித்தது. எண்ணினேன். ஒன்று கம்மி.

தூசி எழுந்தது. நான் சொன்ன நிறம் அப்படியே வந்தது. சுந்தரேஷ் எழுந்து நின்றுவிட்டான். இறங்கவில்லை. அவனும் ஒன்று கவனித்திருந்தான்.

"விசில் அடிச்சா தானேண்ணா இறங்கலாம்? எனக்குக் கேக்கலையே."

"அடிச்சாச்சி. சத்தத்துல உனக்குக் காது அடைச்சிருக்கும். சீக்கிரம் போ, தூசி அடங்கிடப் போவுது."

அவன் போனான். என் சொல்லை என்றைக்கு அவன் சந்தேகப்பட்டான்?

ராமதாஸ் அந்தப் பக்கம் இருந்தார். தூசியில் அவருக்கு இவன் இறங்கியது தெரிந்திருக்காது. நான் கத்தியிருக்கலாம். பெரும்பாலும் அப்படி நிற்கிற குழி வெடிக்காது, மறுநாள் தண்ணீர் ஊற்றி எடுப்பார்கள். வெடிப்பதும் வெடிக்காததும் கல் பாடு, என் பாடு இல்லை என்று இருந்தேன். வெடித்தது. கொன்றேன் என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் காரியத்துக்கும் போனேன். அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்திதான் எப்பவும் பேசுவான்" என்றார். ராமதாஸை நீங்கள் பிடித்துக்கொண்டு போன அன்றும் நான் கடை திறந்து ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டினேன்.

இன்றைக்கு அவன் கேமராவிலிருந்து இந்தப் படத்தைக் காட்டினீர்கள். உடைந்த கேமராவிலும் கார்டு பிழைத்திருக்கிறது. அவன் கடைசியாக எடுத்தது தூசியை இல்லை. பாதி தூரம் போய்த் திரும்பி, மேலே பாறையைப் பார்த்து எடுத்திருக்கிறான். என்னை ஒருத்தரும் படம் எடுத்ததில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

எடுக்கும்போது ஏதோ கத்தினான். வாய் அசைந்ததைப் பார்த்தேன். என் காதில் விழவில்லை. அதற்கு முன்னாலேயே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். படத்தில் இருக்கிறது, பாருங்கள். வெடிக்காது என்று நினைக்கிறவன் காதைப் பொத்த மாட்டான்.

அது நான்தான். விசில் அடிக்கவில்லை. குழி ஒன்று பாக்கி என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். ராமதாஸை விட்டுவிடுங்கள்.

அக்கா படத்துக்கு நான் போட்டது பொய் மார்க். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்குச் சரியாகப் போடுகிறேன். தூசி வந்திருக்கிறது. வெளிச்சம் இடமிருந்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பாறையின் எடை தெரிகிறது. எட்டு. விதிப்படி ஒரு குறையும் சொல்ல வேண்டும்: முழங்கை முகத்தை மறைக்கிறது. ஆள் யாரென்று சரியாகத் தெரியவில்லை.