சிலுப்பாத ஆடும் சீக்கு விழுந்த ஊரும்

அம்மன் ஜாத்திரைக் கூட்டத்தின் தலைவர் பெரியவர் ரங்கையா அவர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களே! ஏர்பிடித்த கையோடு எதிரே அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அம்மனை நினைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பள்ளிக்கூடப் படியேறாமல், பாசுரம் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்ற இந்தத் தாட்சாயணியின் கும்பிடு!

தெளிவு சொல்ல வரவில்லை நான். என் குழப்பத்தை உங்கள் முன் கொட்ட வந்தேன்.

போன ஜாத்திரையில் என்ன செய்தோம்? நேர்ந்துவிட்ட ஆடுகளை முன்கூட்டியே கோயில் பட்டியில் அடைத்தோம். பாகாலாவிலிருந்து பட்டினியாய் நடந்து வந்த ஆடு, கார்வேட்டிநகரத்திலிருந்து கழிந்துகொண்டே வந்த ஆடு, நம் வீட்டில் நலமாய் நின்ற ஆடு, எல்லாம் ஒன்றாய்! ஆந்திராவென்றும் மதராஸென்றும் எல்லைக்காரர்கள் பிரித்ததையெல்லாம் நம் பட்டி சேர்த்து வைத்தது! மழை வேறு. ஒன்றின் கழிச்சலில் ஒன்று புரண்டது. விடிந்ததும் ஒரே தொட்டி மஞ்சள் நீர். அதைத்தான் ஆட்டின்மேல் ஊற்றினோம். உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று வெட்டினோம். அதிலேயே கத்தி கழுவினோம். அதிலேயே கறியும் கழுவினோம்!

செல்லியம்மா மட்டும் தன் ஆட்டை வீட்டிலிருந்து நேரே பிடித்து வந்தாள். அது சிலுப்பவில்லை. "ஆத்தா ஒத்துக்கல, இட்டுக்கினு போ" என்றார்கள். போனாள். மறுநாள் ஊரெல்லாம் வாந்தி, பேதி. என் மகள் வரலட்சுமி வாடிய கீரையாய்க் கிடந்தாள். பழி யார்மேல்? செல்லியம்மாவின் தீட்டாம்! அன்றிலிருந்து கோயில் வாசலில் அவள் பொங்கல் பானைக்கு அடுப்பில்லை.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். ஒத்துவராத கணக்கை மூடிவைக்க எனக்குத் தெரியாது. அடுத்த வெள்ளியன்று அதே ஆடு அவள் வாசலில் சிலுப்பியது. வெட்டி, கறியைப் புதுத் தண்ணீரில் கழுவிச் சமைத்தாள். தின்றவர் எவருக்கும் வயிறு வலிக்கவில்லை. என் வீட்டுக்காரரே ஒளிந்து போய்த் தின்றுவிட்டு வந்தார்! சிரிக்காதீர்கள், அதோ தலை குனிகிறார்! அம்மன் தாயே, உன் கோபம் அவள்மேல் என்றால் என் பிள்ளையை ஏன் தண்டித்தாய்?

மாட்டு டாக்டர் சண்முகத்தைக் கேட்டேன். "கிருமி ஆட்டுக் குடல்ல கீதும்மா. ஆடு பாக்க நல்லாத்தான் நிக்கும். பட்டினி போட்டு நெருக்கி அடைச்சா எல்லாத்துக்கும் பரவும். கழிச்சல் பட்ட ஈரத் தோல்லேர்ந்து கறிக்கு வந்துடும்" என்றார்.

நலமான ஆட்டுக்குள் நோயா? கண்ணுக்கே தெரியாததா? எனக்குப் புரியவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியாத தாயைக் கும்பிடுகிறவள் நான். கண்ணுக்குத் தெரியாத கிருமியை மட்டும் எப்படி இல்லையென்பேன்?

என்ன வீராசாமி அண்ணே? "ஆத்தா கோவம்னா கோவந்தான்! டாக்டருக்கு இன்னா தெரியும்?" என்கிறீர்களா? சரி, கோபமென்றே இருக்கட்டும். கழிச்சல் பட்ட கறியைத் தன் பெயரால் பிள்ளைகளுக்குப் போட்டால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது?

நேர்த்திக்கடனை நிறுத்தச் சொல்லவில்லை, ஐயா. ஆடு அவரவர் வீட்டில் உலர்ந்து நிற்கட்டும். தொட்டி வேண்டாம். கறிக்குப் புதுத் தண்ணீர் வரட்டும். குடல் எடுத்த கை கறியைத் தொடாதிருக்கட்டும். கிருமியா கோபமா, எனக்கு இன்னும் குழப்பம்தான். செல்லியம்மா குற்றவாளி இல்லை என்பதில் மட்டும் குழப்பமில்லை! இந்த வெள்ளிக்கிழமை அவள் பானைக்கு அடுப்பு வேண்டும். தலைவர் தராவிட்டால் என் அடுப்பில் அவள் பானை ஏறும். என் பானை காத்திருக்கும்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுத்துக்கொண்ட அம்மனுக்கு வணக்கம்.

செல்லியம்மா, அந்தக் கம்பத்தடியில் ஏன் தனியாய் நிற்கிறாய்? இங்கே என் பக்கத்தில் இடமிருக்கிறது. வந்து உட்காரு.