குறிகட்டுவான் படகில் ஒரு போத்தல் தண்ணீர்

மின்சாரம் தரும் டீசல் இயந்திரம் நின்றால் நெடுந்தீவே இருண்டுவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் அப்போது நம்பினோம். ஒருநாள் குறிகட்டுவானுக்குப் போகும் படகில், தண்ணீர்ப் போத்தலொன்றை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்த பெண்ணிடம் பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"கரண்ட் கந்தோருக்குத் தண்ணியோ கொண்டுபோறீர்?"

"ஓம் அண்ணை. கிணத்தைப் பாக்க வரச்சொல்லிக் கேட்டம், அந்த அதிகாரியள் வரேல்லை. வந்திருந்தால் தண்ணி குடுத்துத்தானே இருத்தியிருப்பம். அதுதான் கொண்டுபோறன்."

"எண்ணெயெல்லோ மிதக்குது!"

"உந்த மிசினிலையிருந்து ஒழுகினது. மாடே மோந்துபோட்டு விலகுது."

"அப்ப கரண்ட் வேண்டாமோ?"

"வேணும். வெயிலும் காத்தும் எங்களிட்டைக் கிடக்கு, அதிலை தரட்டும். ஏலாதெண்டால் இதைக் குடிச்சுக் காட்டட்டும்."

"ஆறுதலாப் போம், நானும் வாறன். குடிக்கிறதைப் பாக்கவேணும்."

அந்தக் கந்தோரில் அதிகாரிகள் பலர் மாறிப் போய்விட்டார்கள். அந்தப் பெண் இன்னும் அதே கிணற்றடியில்தான் இருக்கிறார்.